தபால்தலை அளவில் ஒரு முகம்

சுண்டு என்பது வீட்டார் வைத்த பெயர். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாளாம். முப்பத்தொரு வயதாகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. பள்ளிப் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைவது அவள் வேலை. தவளையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, பூவைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும், இதயத்தின் எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு ரத்தம் போகிறது என்று பதினோரு வருடமாக வரைந்துகொண்டிருந்தாள். எதையும் விட்டுவிடாமல் வரைவாள். ஒரு நரம்பு குறைந்தால்கூட எங்கிருந்தாவது ஓர் ஆசிரியர் கடிதம் எழுதிவிடுவார் என்பதால் அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போயிருந்தது.

அவளைவிட ஆறு வயது மூத்தவள் அக்கா. கணினிக்கு நிரல் எழுதுகிறவள். இருவரும் சேர்ந்து மூன்றரை வருடமாக ஒரு வீடியோ கேம் செய்துகொண்டிருந்தார்கள். அக்காவின் கணவர் பல் மருத்துவர். தன் கிளினிக்கின் பின்பக்கம், பழைய எக்ஸ்ரே படங்களும் கால் உடைந்த நாற்காலியும் கிடந்த சின்ன அறையை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். இரண்டு மேசை, இரண்டு திரை, ஒரு மின்விசிறி. சுவருக்கு அந்தப் பக்கம் பல்லைக் குடையும் எந்திரம் ‘ங்கீ’ என்று கத்தும்போதெல்லாம் சுண்டுவின் கை ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் நகரும். அக்காவுக்கு அது காதிலேயே விழாது.

கேமின் பெயர் ‘யாருடையது?’ பஸ் நிலையத்தில், பயணிகள் மறந்துவிட்டுப் போகும் பொருட்களைப் பத்திரப்படுத்தி வைக்கும் அறைதான் களம். விளையாடுகிறவர் அந்த அறையின் பொறுப்பாளர். கவுன்டருக்கு ஒருவர் வந்து, தான் தொலைத்ததைத் தப்பும் தவறுமாக வர்ணிப்பார். ஷெல்ஃபில் தேடி, பையின் கிழிசலையும் குடையின் கைப்பிடியையும் உற்றுப் பார்த்து, சரியான பொருளைச் சரியான ஆளிடம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். யாரும் யாரையும் சுடமாட்டார்கள், துரத்தமாட்டார்கள். தன் ஸ்கெட்ச் நோட்டைப் பஸ்ஸில் விட்டுவிட்டு, அதைத் தேடிப் போன இடத்தில்தான் சுண்டுவுக்கு இந்த யோசனை உதித்தது.

கேம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வெளியீட்டுத் தேதியும் குறித்தாயிற்று. இணையக் கடையில் கேமுக்கென்று ஒரு பக்கம் திறந்து, அரைமணி நேரம் விளையாடிப் பார்க்க ஒரு மாதிரிப் பகுதியையும் வைத்தார்கள். அந்தக் கடையில் ஆயிரக்கணக்கான கேம்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன முகப்புப் படம். அதைப் பார்த்துவிட்டு யாராவது விரலை வைத்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்.

முகப்புப் படத்துக்காக சுண்டு மூன்று வாரம் உழைத்திருந்தாள். அறை முழுவதையும் வரைந்தாள். தரையிலிருந்து கூரை வரை ஷெல்ஃப், அதில் இருநூற்றுப் பதினான்கு பொருட்கள். ஒற்றைக் கையுறை, ஊன்றுகோல், பல்செட், டிரம்பெட், பாதி பின்னிய ஸ்வெட்டர். எல்லாவற்றிலும் நிழல், எல்லாவற்றிலும் தேய்மானம். பார்த்தவர்களெல்லாம் வாயைப் பிளந்தார்கள். பெரிய திரையில் பார்த்தவர்கள்.

கடையில் ஏற்றிப் பத்து நாள் கழித்து அக்கா கணக்கைத் திறந்தாள்.

“ஆயிரம் பேர் கண்ணுல பட்டிருக்கு. எட்டு பேர் உள்ள வந்திருக்காங்க.”

“எட்டா?”

“அதுல ஒண்ணு நான்.”

சுண்டுவின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா அந்தப் படத்தைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கித் திரையின் நடுவில் வைத்தாள். “கொஞ்சம் தள்ளி நின்னு பாரு. என்ன தெரியுது?”

பழுப்பு நிறத்தில் ஏதோ தெரிந்தது. அதன் மேல் கேமின் பெயர் எறும்பு ஊர்ந்த மாதிரி கிடந்தது.

கதவோரம் கை துடைத்துக்கொண்டு நின்ற பல் மருத்துவர், “வெளியில ஆறு பேர் காத்திருக்காங்க. பல்லு வலிக்கறவன் முகஸ்துதி பண்ண மாட்டான். அவங்ககிட்ட கேளு” என்றார்.

சுண்டு கைபேசியில் கடைப் பக்கத்தைத் திறந்து, இருபது கேம்களுக்கு நடுவில் தன்னுடையதும் இருக்கும்படி வைத்துக்கொண்டு, காத்திருப்பு அறைக்குப் போனாள். ஒவ்வொருவரிடமும் இரண்டு நொடி காட்டிவிட்டுத் திரையை மூடினாள். கன்னம் வீங்கிய ஓர் ஆள், “மளிகைக் கடை விளம்பரம் ஒண்ணு இருந்துச்சு” என்றார். கல்லூரிப் பெண் ஒருத்தி வேறு நான்கு கேம்களைச் சரியாகச் சொன்னாள், இவளுடையதைச் சொல்லவில்லை. கைக்குட்டையை வாயில் பொத்தியிருந்த பெண்மணி கேட்டாள்: “எதைப் பாக்கணும்னு சொல்லவே இல்லையேம்மா?”

அதுதான் வலித்தது. இருநூற்றுப் பதினான்கு பொருளில் எதைப் பார்ப்பது என்று படம் சொல்லவே இல்லை.

மறுநாள் அக்காவின் நான்கு வயது மகள் கழற்றி எறிந்த சிவப்பு ஷூ ஒன்று அறை வாசலில் கவிழ்ந்து கிடந்தது. சுண்டுவின் கண் அதில் நின்றது. ஒரே மதியத்தில் வரைந்து முடித்தாள். கும்மிருட்டான ஷெல்ஃப், மேலிருந்து ஒற்றை வெளிச்சம், அதன் கீழே ஒரு குழந்தையின் சிவப்பு ஷூ. வேறு எதுவும் இல்லை. பெயர் வெள்ளையில், பெரிதாக.

காத்திருப்பு அறையில் அன்று இருந்த ஐந்து பேரும் ஒரே குரலில் “அந்த ஷூ” என்றார்கள். ஒரு பெண் நெஞ்சில் கை வைத்து, “ஐயோ, அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு?” என்றும் கேட்டாள்.

“பாத்தியா, கேள்வி கேக்கறாங்கடி!” அக்கா துள்ளினாள். அந்தக் கேள்வி சுண்டுவை முள்ளாகக் குத்தியது. ஆனால் சந்தோஷத்தில் அதைப் பிடுங்கிப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு வாரத்தில் கணக்கு தலைகீழானது. ஆயிரத்துக்கு நாற்பத்தொரு பேர் உள்ளே வந்தார்கள். பல் மருத்துவர், தன் தொழிலையும் மறந்து, ஒரு பெட்டி நிறைய இனிப்பு வாங்கி வந்தார். அக்கா அன்று மாலை முழுக்க வேலை செய்யாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு மாதிரிப் பகுதியை விளையாடியவர்கள் கருத்து எழுத ஆரம்பித்தார்கள்.

‘பேய் எப்ப வரும்?’

‘இருபது நிமிஷமா குடையும் கைப்பையும் எடுத்துக் குடுத்துக்கிட்டே இருக்கேன். குழந்தை கேஸ் எப்ப ஆரம்பிக்கும்?’

‘படத்தைப் போட்டு ஏமாத்திட்டாங்க.’

ஒருவர் பதினான்கு அம்சங்களோடு நீளமாக ஆராய்ச்சியே எழுதியிருந்தார். ஷெல்ஃபில் இருக்கும் எல்லாப் பொருளும் கொலை செய்யப்பட்ட ஒரே குழந்தையுடையவை, பொறுப்பாளர்தான் கொலைகாரர், ஏழாவது ஷெல்ஃபில் உள்ள தண்ணீர் பாட்டிலில் இருப்பது ரத்தக் கறை என்று. சுண்டு அங்கே வரைந்தது டீக் கறை. அந்தப் பதிவை முந்நூறு பேர் ஆமோதித்திருந்தார்கள். உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் ஆறு நிமிடத்தில் வெளியேறியிருந்தார்கள்.

“வர்றவங்க வரட்டும். பத்துல ரெண்டு பேர் உக்காந்து விளையாடினா போதும்” என்றாள் அக்கா.

அடுத்த நாள் குழந்தை நீல நிறத்தில் புது ஷூ போட்டுக்கொண்டு வந்தது. “பழசு பத்தலையா?” என்று சுண்டு கேட்டாள். “கடிக்குதுன்னு சொன்னா” என்றாள் அக்கா, விசைப்பலகையிலிருந்து தலையைத் தூக்காமல்.

திங்கட்கிழமை காலை மின்னஞ்சலில் அந்தக் கடிதம் வந்தது. சுண்டு அறையில் தனியாக இருந்தாள்.

‘வணக்கம். நான் கேம் விளையாடுகிறவன் இல்லை. லாரி ஓட்டுகிறேன். என் மகன் கணினியில் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்கள் சிவப்பு ஷூ படம் கண்ணில் பட்டது. என் தம்பி ஆறு வயதில் காணாமல் போனான். எனக்கு அப்போது பன்னிரண்டு. அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்தான். உங்கள் கேமில் அந்தக் குழந்தை கடைசியில் கிடைத்துவிடுமா? அதை மட்டும் சொன்னால் போதும். கிடைக்கும் என்றால் மகனிடம் சொல்லி விளையாடக் கற்றுக்கொள்வேன். கிடைக்காது என்றால் வேண்டாம்.’

மூன்று முறை படித்தாள். பதில் எழுதப் பெட்டியைத் திறந்து, ‘ஐயா’ என்று தட்டிவிட்டு, அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. தொலைந்த குழந்தை என்று ஒன்று அந்தக் கேமிலேயே கிடையாது என்பதை இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால், பிறகு எதற்கு அந்தப் படம் என்று கேட்பாரே.

அக்கா வந்ததும் திரையை அவள் பக்கம் திருப்பினாள். அக்கா நின்றபடியே படித்தாள். படித்து முடித்தும் உட்காரவில்லை.

“இது பொய்க்கா” என்றாள் சுண்டு.

“எது பொய்? கேம்ல அந்த ஷூ இருக்கா இல்லையா? நீதானே வரைஞ்ச?”

“இருக்கு. பஸ்ல தூங்கின குழந்தை கால்லேருந்து கழண்டு விழுந்த ஷூ. அவங்க அம்மா சிரிச்சுக்கிட்டே வந்து வாங்கிட்டுப் போறா. படத்தைப் பாத்தா அப்படியா தெரியுது?”

“தெரியலன்னாதான் உள்ள வருவாங்க!”

“வந்து ஆறு நிமிஷத்துல திட்டிட்டுப் போறாங்க. இவர் வேற...” சுண்டு கடிதத்தைச் சுட்டினாள். “இவருக்கு என்னன்னு எழுதுவேன்?”

சுவருக்கு அந்தப் பக்கம் எந்திரம் கத்தத் தொடங்கியது. அது ஓய்ந்ததும் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“மூணரை வருஷம், சுண்டு” என்றாள் அக்கா, இப்போது மெதுவாக. “வேலையை விட்டுட்டு இந்த ஓட்டைக்குள்ள உக்காந்திருக்கேன். என்னோட வேலை பாத்தவங்க எல்லாம் எங்கேயோ போயிட்டாங்க. இப்பதான் முதல் தடவையா யாரோ நம்மளத் திரும்பிப் பாக்கறாங்க. மறுபடியும் எட்டுக்குப் போகச் சொல்றியா?”

எட்டு, சுண்டு மூன்று வாரம் உழைத்து வரைந்த படத்தின் எண்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் படத்தை மாத்த முடியும். அப்புறம் வெளியீடு முடியற வரைக்கும் பூட்டிடுவாங்க” என்றாள் அக்கா. “அதுக்குள்ள வேற ஒண்ணு கொண்டுவா. ஆனா வேலை செய்யணும். அழகா இருந்தா மட்டும் போதாது. கொண்டுவர முடியலன்னா ஷூதான். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

செவ்வாய்க்கிழமை முழுவதும் சுண்டு வரைந்தாள். மேசை விளக்கின் கீழ் ஒரு குடை. கவுன்டர் மணி. ஒரு கை கொடுக்க, இன்னொரு கை வாங்குகிற காட்சி. கேள்விக்குறி வடிவத்தில் குவிந்த பொருட்கள். மொத்தம் பதினொன்று. காத்திருப்பு அறைக்கும் பின்னறைக்குமாக அவள் நடந்த நடையில் கிளினிக்கின் ஊழியர் பெண்ணே சிரிக்கத் தொடங்கினாள். குடையைப் பார்த்தவர்கள் இன்ஷூரன்ஸ் என்றார்கள். மணியைப் பார்த்தவர்கள் ஓட்டல் என்றார்கள். இரண்டு கைகளைப் பார்த்த ஒருவர், “இதுவும் இன்ஷூரன்ஸா?” என்று கேட்டார்.

அன்று மாலைதான் அவளுக்கு உறைத்தது. பொருளை மட்டும் காட்டினால் பார்ப்பவர் தன் பயத்தையோ, தான் பார்த்த விளம்பரத்தையோ அதன்மேல் போட்டுக்கொள்கிறார். பொருளுக்குச் சொந்தக்காரர் அதைப் பார்க்கிற பார்வைதான் இந்தக் கேம். ஆனால் கேமில் வரும் மனிதர்களுக்கு அவள் முகமே சரியாக வரையவில்லை. கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு. இதயத்தைத் திறந்து நான்கு அறையும் காட்டத் தெரிந்தவளுக்கு முகம் என்றால் எப்போதும் ஓர் உதறல். தவளை வயிறு தப்பானால் புத்தகத்தைப் பார்த்துத் திருத்தலாம். முகம் தப்பானால் எதைப் பார்த்துத் திருத்துவது?

புதன்கிழமை காலை பத்து மணிக்கு பஸ் நிலையத்துக்குப் போனாள். ஏழாம் நடைமேடைக்குப் பின்னால், கழிப்பறைக்கு அடுத்த கதவு. கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த பெண்மணிதான், அன்று ஸ்கெட்ச் நோட்டைத் தேடி எடுத்துக் கொடுத்த பொறுப்பாளர். இவளைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

“மறுபடியும் தொலைச்சிட்டியா?”

“இல்லம்மா. தொலைச்சவங்க வந்து வாங்கிட்டுப் போறதைப் பாக்கணும். ஓரமா உக்காந்துக்கறேன்.”

“உக்காரு. ஆனா பொருள் கிடைக்கறவங்க ஒருத்தர் வந்தா, கிடைக்காதவங்க நாலு பேர் வருவாங்க. தெரிஞ்சுக்கோ.”

அப்படியேதான் ஆயிற்று. கைபேசியைத் தேடி வந்த ஒருவர் வெறுங்கையோடு போனார். ஒரு பெண் தன் குடையைப் பெற்றுக்கொண்டாள், கையெழுத்துப் போட்டாள், முகத்தில் ஒரு சலனம் இல்லை. மணி பன்னிரண்டு. ஒன்று. யாரும் வரவில்லை. சுண்டுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. திறந்து வைத்த நோட்டுப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு இன்னும் எத்தனை மணி நேரம் என்று விரல் விட்டு எண்ணிவிட்டு, எண்ணியதற்காகத் தன்னையே நொந்துகொண்டாள். இரண்டரை மணிக்கு, எழுந்து போய்விடலாமா என்று பையை எடுத்துவிட்டாள். பொறுப்பாளர் ஒரு கிளாஸ் டீயை அவள் பக்கம் நகர்த்தினார். டீயைக் குடிப்பதற்காக உட்கார்ந்தாள்.

மூன்றே முக்காலுக்கு ஒரு கொத்தனார் வந்தார். கதவை அடைக்கிற மாதிரி ஆகிருதி. தலைமுடியிலும் புருவத்திலும் மீசையிலும் சிமென்ட் தூசி.

“ஒரு சாப்பாட்டு டப்பாங்க. காலையில பஸ்ல விட்டுட்டேன்.”

“என்ன கலர்?”

“செவப்பு... இல்ல, ஒரு மாதிரி வெள்ளை கலந்த...” அவர் தடுமாறினார். “என் பொண்ணோடது. அவசரத்துல அவ என்னோடத எடுத்துட்டுப் போயிட்டா, நான் அவளோடத எடுத்துட்டு வந்துட்டேன். அது இல்லாமப் போனா வீட்டுக்குள்ள விடமாட்டா.”

பொறுப்பாளர் உள்ளே போய், மூடியில் பூனை மூஞ்சி ஒட்டிய குட்டி ரோஸ் நிற டப்பாவைக் கொண்டுவந்து கவுன்டரில் வைத்தார்.

கொத்தனாரின் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறின. வாய் திறந்துகொண்டது. சிரிப்பு இன்னும் வரவில்லை. திட்டப் போகிறவர் மாதிரி இருந்தது. “அட, இங்கதான் ஒக்காந்திருக்கியா நீ?” என்று டப்பாவைப் பார்த்துக் கேட்டார். கேட்டுவிட்டு, இரண்டு பெரிய கைகளாலும் அதை அள்ளிக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டார்.

சுண்டுவின் பென்சில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோது எழுந்து நின்றாள்.

“அண்ணே, உங்களை வரையலாமா? ஒரு கேமோட அட்டைக்கு. எல்லாரும் பாக்கற மாதிரி வரும். வேணாம்னா வேணாம்.”

“என்னையா? இந்தத் தூசியோடவா?”

“தூசியோடதான்.”

அவர் யோசித்தார். “கேம்னா, என் பொண்ணு பாக்குமா?”

“கேம் விளையாடுவாளா?”

“அதைத் தவிர வேற எதுவும் பண்ணாது” என்று சொல்லிவிட்டு, டப்பாவைப் பிடித்தபடி பெஞ்சில் அமர்ந்தார். அவருடைய பஸ் வர பதினொரு நிமிடம் இருந்தது. சுண்டு பதினொரு நிமிடமும் வரைந்தாள்.

வியாழக்கிழமை அதை வண்ணத்தில் கொண்டுவந்தாள். படத்தில் முக்கால்வாசி அந்த முகம்தான். பின்னால் அடர்ந்த பச்சை. கன்னத்தோடு ஒட்டிய ரோஸ் டப்பா. பெயர் தடித்த எழுத்தில் இரண்டு வரி. பழக்கதோஷத்தில் பின்னணியில் நாற்பது பொருட்களை வரைந்து வைத்தாள். பிறகு தபால்தலை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தாள், நிறத்தை எடுத்துவிட்டுப் பார்த்தாள், அறைக் கோடியில் நின்று பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நான்கைந்து பொருட்களை அழித்தாள். சாயங்காலம் மூன்றுதான் மிஞ்சின. ஒவ்வொன்றை அழிக்கும்போதும் ஆசிரியர் யாரோ கடிதம் எழுதப் போவதைப் போலத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் காத்திருப்பு அறைக்குப் போனாள். இரண்டு நொடி காட்டி மூடினாள்.

“என்ன பாத்தீங்க?”

“ஒரு ஆளு” என்றார் முதலாமவர் உடனே. “பாவம், பல்லு வலி தாங்க முடியல அவருக்கு.”

பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார். “ஐஸ் டப்பா வெச்சு ஒத்தடம் குடுக்கறார்.”

மூன்றாமவள், “உங்க கிளினிக்குக்கு விளம்பரமாம்மா? நல்லா இருக்கு” என்றாள்.

பல் வலிக்காரர்களிடம் கேட்டால் பல் வலிதான் தெரியும் என்று சுண்டு தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். தெருவுக்கு ஓடி, எதிர்ச் சலவைக் கடைக்காரரிடம் காட்டினாள். அவரும் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். திறந்த வாய், ஏறிய புருவம், கன்னத்தில் டப்பா. நேரில் அத்தனை சந்தோஷமாக இருந்தது, சின்னதாகச் சுருங்கினால் வேதனையாகிவிடுகிறது.

மணி பதினொன்றே முக்கால். நோட்டைத் திறந்து பதினொரு நிமிடத்தில் போட்ட கோடுகளையெல்லாம் புரட்டினாள். ஒரு பக்கத்தில் அவர் டப்பாவை நெஞ்சுக்கு நேராக இரண்டு கையிலும் ஏந்தி, அதன் கண்ணைப் பார்க்கிற மாதிரி குனிந்திருந்தார். பெஞ்சில் உட்கார்ந்த பிறகு வந்த நிலை. கன்னம் விடுதலையானால் சிரிப்பு தொடங்கும் இடம் தெரியும். முகத்தை முதலிலிருந்து வரையத் தொடங்கினாள். கண்ணை டப்பாவின் பூனைக்கு நேராகத் திருப்பினாள். வாயின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கினாள். அதிகம் தூக்கினால் பற்பசை விளம்பரமாகிவிடும், தூக்காவிட்டால் மறுபடி வலி. அந்த ஒரு கோட்டுக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது. அக்கா எதிரில் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். கடிகாரத்தை இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பார்த்தார்கள்.

மூன்றே முக்காலுக்கு மறுபடி காத்திருப்பு அறை. இப்போது வேறு ஆட்கள். கணவருக்குத் துணையாக வந்திருந்த ஒரு பெண் சொன்னாள்: “பெரிய ஆளு ஒருத்தர், கையில சின்னப் புள்ளைங்க டப்பா. தொலைஞ்சது கிடைச்சிருச்சு போல.”

“நீங்க முன்னாடியே இந்தப் படத்தைப் பாத்திருக்கீங்களா?” என்று சுண்டு சந்தேகத்தோடு கேட்டாள்.

“இல்லையே. ஏன், தப்பா சொல்லிட்டனா?”

சுண்டு பின்னறைக்கு ஓடினாள். படத்தை அக்காவின் திரையில் வைத்தாள். அக்கா தள்ளி நின்று பார்த்தாள். கிட்டே வந்து பார்த்தாள்.

“எத்தனை பேர் வருவாங்கன்னு நினைக்கற?”

“நாப்பத்தொண்ணு வராது.”

“தெரியும்.” அக்கா உட்கார்ந்தாள். பிறகு, “பாப்பாவோட ஷூ ஒண்ணும் கடிக்கல” என்றாள். “அந்தப் பதினாலு பாயின்ட்டைப் படிச்சதுலேருந்து அதை அவ கால்ல மாட்ட எனக்குக் கை வரல. அலமாரி மேல தூக்கிப் போட்டுட்டேன். உன்கிட்ட சொன்னா நீ சொல்றது சரின்னு ஆயிடுமேன்னு சொல்லல.”

சுண்டு அவள் தோளில் கை வைத்தாள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, “அப்புறம் அழலாம், மணி நாலே கால்” என்றாள்.

ஏற்றினார்கள். கடை ஏற்க மறுத்தது. கோப்பு பெரிதாக இருக்கிறதாம். சிறிதாக்கினார்கள். அகலம் இரண்டு புள்ளி குறைகிறதாம். சுண்டு அவசரத்தில் தப்பான கோப்பை, பல் வலிக்காரரை, ஏற்றிவிட்டாள். “ஐயோ, அதை எடுடி!” என்று அக்கா அலறியதில் கிளினிக்கின் நாற்காலியில் இருந்தவர் பயந்துவிட்டதாகப் பல் மருத்துவர் பிறகு சொன்னார். நான்கு ஐம்பத்திரண்டுக்குப் பச்சைக் குறி விழுந்தது.

அதன்பிறகுதான் சுண்டு அந்தக் கடிதத்தைத் திறந்தாள். ஐந்து நாளாக ‘ஐயா’ என்ற ஒரு சொல் தனியாக நின்றிருந்தது. இப்போது எழுதினாள்: ‘எங்கள் கேமில் எந்தக் குழந்தையும் தொலையவில்லை. அந்த ஷூ பஸ்ஸில் கழன்று விழுந்தது. குழந்தையின் அம்மா வந்து வாங்கிக்கொண்டு போவாள். எங்கள் படம் உங்களை வேறு மாதிரி நினைக்க வைத்துவிட்டது. அது எங்கள் தவறு. படத்தை மாற்றிவிட்டோம். மன்னித்துவிடுங்கள்.’ தம்பியைப் பற்றி ஏதாவது எழுத வேண்டும் என்று நெடுநேரம் முயன்றாள். எழுதியதெல்லாம் பொய்யாகத் தோன்றியது. அப்படியே அனுப்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. ‘சொன்னதற்கு நன்றி. நான் வாங்கப் போவதில்லை. புதுப் படத்தை மகன் காட்டினான். அந்த ஆள் கையில் இருப்பது சாப்பாட்டு டப்பாதானே?’

‘ஆமாம் ஐயா’ என்று எழுதினாள். அவரிடமிருந்து அப்புறம் எதுவும் வரவில்லை.

புதுப் படத்துக்கு ஆயிரத்துக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள். நாற்பத்தொன்றைப் பார்த்த கண்ணுக்கு அது குறைவுதான். முதல் இரண்டு நாள் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், சுண்டு கண்டுகொள்ளவில்லை. ஆனால் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அரைமணி நேரப் பகுதியைப் பாதிப் பேர் முடித்தார்கள், அவர்களில் பாதிப் பேர் பிறகு வாங்குவதற்கான தங்கள் பட்டியலில் குறித்துவைத்தார்கள். கேம் வெளியானபோது வந்த முதல் விமர்சனத்தில் ஒரே வரி: ‘பேய் இல்லை, நல்லவேளை.’ பெரிய அதிர்ஷ்டம் ஒன்றும் அடிக்கவில்லை. அக்கா வாரத்தில் மூன்று நாள் பழைய மாதிரி வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மீதி நாட்களில் பின்னறைக்கு வந்தாள்.

வெளியாகி ஐந்தாம் வாரம், ஒரு புதன்கிழமை பிற்பகல், அக்கா மின்னஞ்சலைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

“கடைக்காரங்க எழுதியிருக்காங்க. இந்த வாரம் பாக்க வேண்டிய கேம்னு அவங்க வரிசையில நம்மளதையும் வைக்கறாங்களாம்.”

“நிஜமாவா?”

“நிஜம்தான். ஆனா அந்த வரிசைக்குப் படம் நெட்டுக்குத்தா வேணுமாம். நம்மளது படுக்கைவாட்டுல இருக்கு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள.”

சுண்டு படத்தைத் திறந்து இரு பக்கமும் கையால் மறைத்துப் பார்த்தாள். முகத்தை நடுவில் வைத்தால் டப்பா போய்விடுகிறது. டப்பாவை வைத்தால் புருவம் போய்விடுகிறது.

“எதை வெட்டறது?” என்றாள்.

“எதையும் வெட்டாம முடியாதா?”

“முடியும். முதல்லேருந்து வரையணும்.”

அக்கா எழுந்து போய்க் காத்திருப்பு அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். “நாலு பேர் இருக்காங்க. சீக்கிரம் வரைஞ்சன்னா அவங்க போறதுக்குள்ள காட்டிடலாம்.”

சுண்டு பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள்.